எங்கள் வாசிகசாலையின் இணைப்புமானி

மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் கதைப்பது குறைந்துவிட்டது என்று அரசாங்கத்துக்குத் தெரியவந்ததும், அதைச் சரிசெய்ய ஒரு திணைக்களத்தைத் திறந்தார்கள். தொழில்நுட்பம், மனித இணைப்பு மற்றும் படைப்பாற்றல் சமநிலைத் திணைக்களம் என்று பெயர். முன்பக்கப் பலகையில் இடம் போதாமல் ‘படைப்பாற்றல்’ மட்டும் மலசலகூடப் பக்கச் சுவரில் தொங்கியது. யாழ்ப்பாணக் கிளையில் பதினேழு பேர் வேலை செய்தார்கள். பதினேழு பேரும் ஒரே மண்டபத்தில் முதுகோடு முதுகு முட்ட இருந்துகொண்டு ஒருவருக்கொருவர் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

இது நான் கண்ணால் கண்டது. எங்கள் வாசிகசாலைக் கூரைக்கு ஓடு மாற்றித் தருவார்களா என்று கேட்கப் போயிருந்தேன். முன்மேசையில் இருந்த பெண்ணிடம் “தங்கச்சி” என்று தொடங்கினேன். அவர் பேசாமல் சுவரைக் காட்டினார். சுவரில் ஒட்டியிருந்த கறுப்பு வெள்ளைச் சதுரத்தை என் போனால் படம் பிடித்த பிறகுதான் அவரோடு கதைக்கலாமாம். பிடித்தேன். “உங்கள் மனித இணைப்பு இருபத்தைந்து நிமிடத்தில் ஆரம்பமாகும்” என்று போன் சொன்னது. அன்றே எழும்பி வந்திருக்க வேண்டும். ஓடு கிடைக்கும் என்ற ஆசை விடவில்லை. அவர்கள் நீட்டிய படிவத்தை வாசிக்காமலே கையெழுத்து வைத்துவிட்டு வந்தேன்.

நான் உரும்பிராயில் ஓர் ஒழுங்கை வாசிகசாலைக்குச் செயலாளர். பொதுக்கூட்டத்துக்கு நான் போகாத வருடம் பார்த்து என்னைத் தெரிவு செய்துவிட்டார்கள். எதிரே இருக்கும் போட்டோக்கொப்பிக் கடைதான் என் பிழைப்பு.

எங்கள் வாசிகசாலைக்கு வருவது ஒரேயொரு பத்திரிகை, ஒரேயொரு பிரதி. காலை ஏழு மணிக்கு அதைத் தாள் தாளாகக் கழற்றி, வந்தவர்கள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்வார்கள். முதற்பக்கச் செய்தி எப்போதும் பாதியில் நின்று ‘தொடர்ச்சி ஆறாம் பக்கம்’ என்று சொல்லும். ஆறாம் பக்கம் இன்னொருவர் கையில் இருக்கும். அவரைக் கேட்காமல் மிச்சம் தெரியாது. எங்கள் ஒழுங்கையில் ஒரு செய்தியைத் தனியாளாக முழுவதும் வாசித்து முடித்தவர் எவரும் இல்லை.

முதற்பக்கம் சிவசுப்பிரமணியம் அண்ணையுடையது. வெங்காயத் தோட்டக்காரர், அறுபது வயது, யார் எதைச் சொன்னாலும் “அப்பிடியில்லை” என்று தொடங்குபவர். ஆறாம் பக்கம் கிறிஸ்ரோபருடையது. அவர் குருநகர் ஆள். மோட்டார் சைக்கிளில் மீன்பெட்டி கட்டி எங்கள் பக்கம் விற்க வருவார். முதல் வேலையாகக் குழாயடியில் கை கழுவிவிட்டு ஆறாம் பக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வார். அவரிடம் ஒரு குணம். பத்திரிகையில் செய்தி முடிந்த பிறகும் அவர் முடிக்கமாட்டார்.

“சைக்கிள் களவெடுத்தவன் பிடிபட்டிட்டானாம். எப்பிடிப் பிடிபட்டவன்? மிச்சத்தைச் சொல்லும்,” என்பார் சிவசு அண்ணை.

“பாதி வழியிலை காத்துப் போச்சு. பக்கத்து வீட்டிலை பம்ப் கேட்டிருக்கிறான். அது சைக்கிள்காரன்ரை மாமியார் வீடு. மாமியார் தேத்தண்ணி குடுத்து இருத்திப்போட்டு, சைக்கிளைப் பாத்து, உது மருமோன்ரை பெல் எல்லோ எண்டிருக்கிறா.”

“உது பேப்பரிலை கிடக்கோ?”

“கிடக்கு.”

“காட்டும் பாப்பம்.”

“நான் இன்னும் வாசிச்சு முடியேல்லை ஐசே!”

அதிலிருந்து ஒரு மணித்தியாலம் சண்டை. மாமியாரில் தொடங்கி, தேத்தண்ணியில் ஏறி, தோட்டக்காரன் பெரிதா கடல்காரன் பெரிதா என்று போய், கடைசியில் இருவரும் மேசையில் அடிப்பார்கள். ஓடு வெடித்ததே அந்தச் சத்தத்தில்தான் என்று சொல்பவர்களும் உண்டு.

போன பங்குனியில் சிவசு அண்ணையின் மனைவி கமலாவதி அக்கா காலமானார். மகள் நோர்வேயிலிருந்து வந்து முப்பத்தோராம் நாள் சடங்கை முடித்துவிட்டுத் திரும்பிப் போனாள். அதன்பின் அண்ணை வீட்டைவிட்டு வெளிக்கிடவில்லை. சொந்தக்காரர் போய்க் கூப்பிட்டார்கள், ஐயர் போய்ச் சொன்னார், ஒன்றுக்கும் அசையவில்லை. ஒருநாள் கிறிஸ்ரோபர் போய்ப் படலைக்கு வெளியே நின்று, கையில் ஆறாம் பக்கத்தை விரித்துக்கொண்டு, “உரும்பிராய் வெங்காயத்திலை காரமில்லையாம், குருநகர்க் கடற்கரை மணலிலை வைச்சால் நல்லா வருமெண்டு ஆராய்ச்சியிலை கண்டுபிடிச்சிருக்கினம்!” என்று ஒழுங்கை கேட்க வாசித்தார். சிவசு அண்ணை சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சண்டைக்கு வந்தார். வந்தவர் அடுத்த நாளும் வந்தார். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் ஊரில் ஒருவரும் மீன் மச்சம் வாங்கமாட்டோம். அன்றைக்கும் கிறிஸ்ரோபர் வெறும் பெட்டியோடு வருவார். சிவசு அண்ணையை உயிரோடு வைத்திருந்தது அந்தச் சண்டைதான். அது எனக்கு வடிவாகத் தெரியும்.

நான் வைத்த கையெழுத்தின் பலனாகத் திணைக்களத்தின் பணிப்பாளர் கோபிசங்கர் பரிவாரத்தோடு வந்து இறங்கினார். மாப்பிள்ளை மாதிரி உடுப்பு, காதில் ஒரு கருவி, யாரைப் பார்த்துக் கதைக்கிறார் என்று கடைசிவரை பிடிபடவில்லை. ஒரு பத்திரிகையை நாலைந்து பேர் பிரித்து வைத்து வாசிப்பதைக் கண்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“இந்த இருபத்தோராம் நூற்றாண்டில், ஒரு மனிதன் ஒரு செய்தியின் முடிவை அறிய இன்னொரு மனிதனில் தங்கியிருக்க வேண்டிய அவலத்தை நான் இங்கு காண்கிறேன்,” என்றார்.

ஓடு வரவில்லை. சிலேட்டு அளவில் நான்கு தொடுதிரை ரப்லெற் வந்தன. ஒவ்வொன்றிலும் முழுப் பத்திரிகையும் இருந்தது. கடதாசிப் பிரதி நிறுத்தப்பட்டது. மிச்சம் என்ன என்று கேட்க ஒருவருக்கும் தேவையில்லாமல் போனது. வாசிகசாலையில் விரல் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. சிவசு அண்ணையும் கிறிஸ்ரோபரும் மட்டும் ரப்லெற்றைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் சண்டை பிடித்தார்கள்.

இரண்டு கிழமையில் திணைக்களம் ஓர் அறிக்கை வெளியிட்டது. எங்கள் வாசிகசாலையில் மனித இணைப்பு அபாயகரமாகக் குறைந்துள்ளதாம். காரணம் கண்டறியப்படவில்லையாம். பரிகாரமாக இணைப்புமானி பொருத்தப்பட்டது.

இணைப்புமானி என்பது கூரையில் பூட்டும் வெள்ளைப் பெட்டி. இட்டலிச் சட்டி அளவு. அறையில் யார் யாரோடு எவ்வளவு இணைந்திருக்கிறார் என்று அளந்து, சுவரிலுள்ள திரையில் புள்ளி போடும். அதை விளங்கப்படுத்த பிரசாந்தி என்ற உத்தியோகத்தர் வந்தார். நல்ல பிள்ளை. மனப்பாடம் செய்ததைச் சொல்லும்போது மட்டும் அவருடைய முகம் வாடிப்போகும்.

“குரல் ஒரு அளவுக்கு மேலே போனால் மோதல். ஒராள் கதைக்கேக்கை மற்றாள் குறுக்கிட்டால் தாக்குதல். ஒராளைப் பாத்துச் சிரிச்சால் இழிவுபடுத்தல்,” என்றார் பிரசாந்தி.

“அப்ப ஒண்டும் கதையாமல் இருந்தால் பிள்ளை?” என்று கேட்டார் கிறிஸ்ரோபர்.

பிரசாந்தி கையேட்டைப் புரட்டினார். “முழு அமைதி. நூறு புள்ளி.”

கதைப்பதற்கென்று அட்டைகளும் தந்தார்கள். அட்டையில் இருப்பதை வாசித்து, எதிரே இருப்பவரின் கண்ணை நாலு செக்கன் பார்க்க வேண்டும். சிவசு அண்ணைக்கு வந்த அட்டை, ‘உங்களுக்குப் பிடித்த நிறம் எது?’ நாற்பது வருடம் பழகிய கிறிஸ்ரோபரைப் பார்த்து அதைக் கேட்டார். கிறிஸ்ரோபர் தன் அட்டையில் இருந்த மறுமொழியை வாசித்தார்: “உங்கள் கேள்வியை நான் மதிக்கிறேன்.” இருவரும் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். வேறொன்றும் எழுதியிருக்கவில்லை.

படைப்பாற்றலுக்குக் காலையில் கால்மணி ஒதுக்கியிருந்தார்கள். பொத்தானை அழுத்தினால் ரப்லெற்றே கவிதை எழுதும். முதல்நாள் கவிதையில் உரும்பிராய்ப் பனைமரங்களின்மேல் வெண்பனி கொட்டியது. கீழே ‘பிடித்திருக்கிறது’ என்ற பொத்தான் மட்டும் இருந்தது. அதை அழுத்தாமல் வெளியே போக வழியில்லை.

ஒரு கிழமை முடிய முடிவு வந்தது. கிறிஸ்ரோபர் ‘ஆதாரமற்ற தகவல்’ நாற்பத்தொரு தடவை வழங்கியிருக்கிறார். சிவசுப்பிரமணியம் நூற்றுப் பதினெட்டுத் தடவை தாக்கியிருக்கிறார். இருவருக்கும் கடிதம் வந்தது. ‘மற்றத் தரப்பினரின் நலன் கருதி, உங்களுடைய தொடர்பு இடர்த் தொடர்பாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. சிவசுப்பிரமணியம் காலை ஏழு முதல் எட்டு வரையும், கிறிஸ்ரோபர் எட்டரை முதல் ஒன்பதரை வரையும் நிலையத்தைப் பாவிக்கலாம். இடைப்பட்ட அரைமணி காற்றோட்டத்துக்கானது.’

இவ்வளவுதானே, வெளியில் எங்காவது சந்தித்துச் சண்டை பிடிக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த ‘மற்றத் தரப்பினரின் நலன் கருதி’ என்ற சொல் செய்த வேலையை நான் கவனிக்கவில்லை. யாழ்ப்பாணத்தானுக்கு அரசாங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தால், முதலில் தோன்றுவது ஆரோ பெட்டிசம் போட்டுவிட்டார்கள் என்பதுதான். மற்றவர்தான் தன்னைப் பற்றி எழுதிப்போட்டார் என்று இரண்டு பேரும் முடிவு கட்டிவிட்டார்கள். இரண்டு பேருக்கும் ரோசம் மூக்குநுனியில். கிறிஸ்ரோபர் எங்கள் ஒழுங்கைக்குள் ஹோண் அடிப்பதையே நிறுத்தினார். மீன் வந்தது தெரியாமல் பெண்கள் ஏமாந்தார்கள்.

நான் சிவசு அண்ணையிடம் சொல்லிப் பார்த்தேன். “அவர் ஒண்டும் எழுதேல்லை அண்ணை. உந்தப் பெட்டி சொன்னது.”

“பெட்டிக்கு என்னை ஆரெண்டு தெரியுமே? தெரிஞ்ச ஆள்தான் சொல்லியிருப்பார்,” என்றார்.

சரியாக ஏழு மணிக்கு வருவார். ரப்லெற்றுக்கு முன்னால் இருப்பார். அதை அவர் தொட்டதை நான் காணவில்லை. எட்டு மணிக்கு எழும்பிப் போவார். ஒன்பதாம் நாள் அவருடைய தோட்டத்துக்குப் போனேன். இழுத்திருக்க வேண்டிய வெங்காயம் தாள் காய்ந்து கிடந்தது. பம்ப் ஓடிக்கொண்டிருந்தது, தண்ணீர் வாய்க்காலை மேவி ஒழுங்கைக்கு வந்துகொண்டிருந்தது. அவர் வரம்பில் குந்தியிருந்தார்.

“வெங்காயம் அழுகப் போகுது அண்ணை.”

“ஓம்,” என்றார்.

“பம்பை நிப்பாட்டட்டோ?”

“ஓம்.”

“எங்கடை வீட்டை வந்து ஒருவாய் சாப்பிடுங்கோவன்.”

“ஓம். பாப்பம்.”

எனக்குப் பயம் பிடித்துவிட்டது. அந்த மனிதர் தன் வாழ்நாளில் ஒருவருக்கும் ஓம் சொன்னதில்லை. கலியாண வீட்டில் தாலி கட்டுகிற நேரம்கூட ஐயரோடு முரண்பட்டவர் என்று கமலாவதி அக்கா சொல்லிச் சிரிப்பார். பம்பை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தேன். அந்தக் கையெழுத்தை வைத்த என் கையை வெட்டினால் என்ன என்றிருந்தது.

பன்னிரண்டாம் நாள் திணைக்களத்திலிருந்து வாழ்த்துச் செய்தி வந்தது. எங்கள் வாசிகசாலையின் புள்ளி தொண்ணூற்றெட்டு. மாகாணத்தின் மாதிரி வாசிகசாலையாக அதை அறிவிக்கப் பணிப்பாளர் நாளைக் காலை எட்டரைக்கு வருகிறார். அத்தோடு ஒரு விருது. பன்னிரண்டு நாளும் தவறாமல் வந்து ஒரு மோதலோ தாக்குதலோ இல்லாமல் நூற்றுக்கு நூறு பெற்ற சிவசுப்பிரமணியம், ஆண்டின் சிறந்த மனித இணைப்பாளர்.

பந்தல் போட்டார்கள். வாழைமரம் கட்டினார்கள். எட்டரை கிறிஸ்ரோபரின் நேரமாதலால் அவரும் வந்து கடைசி வாங்கிலில் இருந்தார். சிவசு அண்ணையை நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்து முன்வரிசையில் இருத்தினேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க இருவரும் பட்டபாட்டை எல்லோரும் பார்த்தோம்.

கோபிசங்கர் பேசினார்.

“மனித இணைப்புக்கு மிகப் பெரிய தடை எது? நான் ஆராய்ந்திருக்கிறேன். மனிதர்தான். அந்தத் தடையை இந்த வாசிகசாலை பெருமளவுக்கு அகற்றியிருக்கிறது. எனது இல்லத்திலும் மூன்று ஆண்டுகளாக இந்தக் கருவி இயங்குகிறது. எனக்கும் துணைவியாருக்கும் இடையில் இன்றுவரை ஒரு முரண்பாடும் பதிவாகவில்லை. அவர் மெல்பேணுக்குக் குடிபெயர்ந்துவிட்டார் என்பதையும் கருவி எனக்கு உரிய நேரத்தில் அறியத்தந்தது.”

பரிவாரம் கைதட்டியது. பிரசாந்தி தட்டவில்லை.

சிவசு அண்ணையை மேடைக்கு அழைத்தார்கள். கழுத்தில் பட்டி, கையில் சான்றிதழ். நன்றியுரையை ரப்லெற் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தார். “எனது வாழ்வில்… இணைப்பை மலரச் செய்த… திணைக்களத்துக்கு… நான் தனிமையில் இல்லை என்பதை…”

அதில் நின்றுவிட்டார். இன்னொரு முறை அந்த வரியை வாய்க்குள் வாசித்தார். பிறகு ரப்லெற்றை மேசையில் வைத்துவிட்டுக் கடைசி வாங்கிலைப் பார்த்தார்.

“ஐசே கிறிஸ்ரோபர். உமக்கு நான் என்ன செய்தனான்? எதுக்கு என்னைப் பற்றிப் பெட்டிசம் போட்டனீர்?”

“ஆர், நானோ?” கிறிஸ்ரோபர் வாங்கில் விழ எழும்பினார். “செய்யிறதையும் செய்துபோட்டுச் சபையிலை வைச்சு என்னைக் கேக்கிறீரோ? நீரல்லோ என்னைப் பொய்காரன் எண்டு எழுதிப்போட்டது!”

“நான் உம்மைப் பொய்காரன் எண்டு நேரை சொல்லுவன். எழுத மாட்டன்.”

“இந்தா கடிதம்!”

“இந்தா என்ரை!”

இரண்டு பேரின் சட்டைப்பையிலிருந்தும் கடிதங்கள் வந்தன. பன்னிரண்டு நாள் வியர்வையில் மடிப்பு இற்றுப்போன கடிதங்கள். மேடைக்கு நடுவில் நின்று மாற்றி வாசித்தார்கள். பெயரைத் தவிர எல்லாம் ஒன்றே.

“விசரன்,” என்றார் சிவசு அண்ணை. “பன்ரண்டு நாளாய் வந்து ஒரு சொல்லுக் கேக்கத் தெரியேல்லை உமக்கு.”

“நீர் வந்து கேட்டனீரோ? படலைக்கு வெளியாலை நிண்டு கத்திறது என்ரை வேலையெண்டு நினைச்சிட்டீரோ?”

“அப்பிடியில்லை…”

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவர்கள் மேசையில் அடித்தார்கள். ஒருவருக்கொருவர் குறுக்கிட்டார்கள். கூட்டம் இரண்டாகப் பிரிந்து, குற்றம் யாருடையது என்று தனித்தனியே வாதாடத் தொடங்கியது. திரை சிவந்தது. கூரைப் பெட்டியிலிருந்து ஒரு பெண்குரல் இனிமையாக “மோதல், மோதல், தயவுசெய்து விலகி நில்லுங்கள்” என்று சொல்லிக்கொண்டே இருந்தது. ஒருவரும் விலகவில்லை.

கோபிசங்கர் பதறவில்லை. பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். “பதினான்காம் இலக்கப் படிவம்,” என்றார். “இதை நானே வரைந்தேன். பாதிக்கப்பட்டவர் நிரப்ப வேண்டும், செயலாளர் சபையில் வாசித்து முத்திரை குத்த வேண்டும். குத்திய கணத்திலிருந்து, பாதிப்பை ஏற்படுத்தியவரும் அவருடைய உடைமைகளும் இந்த நிலையத்தின் எல்லைக்குள் இருக்க முடியாது. மேன்முறையீடு கிடையாது. நிரப்பாவிட்டால் வாசிகசாலையின் பதிவு இன்றே ரத்து. உங்கள் இருவரில் யார் பாதிக்கப்பட்டவர்?”

ஒருவர் வெளியே போக வேண்டும், இல்லையென்றால் எல்லோரும். கிறிஸ்ரோபர் மீன்பெட்டி நின்ற பக்கம் திரும்பினார். “நீர் எழுதும் சிவசு. நான் வெளியூர்க்காரன். எனக்கு றோட்டு இருக்கு,” என்றார்.

“வாயை மூடிக்கொண்டு இதிலை இரும்,” என்றார் சிவசு அண்ணை. “பேனை தாங்கோ பிள்ளை.”

பிரசாந்தி தன் பேனையைக் கொடுத்தார். சிவசு அண்ணை குனிந்து எழுதினார். நேரமெடுத்து, ஒவ்வொரு எழுத்தாக. கிறிஸ்ரோபர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“பதினொண்டில்லை, பன்ரண்டு,” என்றார். “வெள்ளிக்கிழமையை விட்டிட்டீர். நான் அண்டைக்கும் வந்தனான்.”

சிவசு அண்ணை பேனையை நிறுத்தினார். வெட்டித் திருத்தினார். பிறகு தாளை என்னிடம் நீட்டினார். நான் முறைப்படி சபைக்கு வாசித்தேன். இன்னும் உரத்து வாசிக்கச் சொன்னார்கள்.

“பாதிக்கப்பட்டவர்: செல்லையா சிவசுப்பிரமணியம், மரியான் கிறிஸ்ரோபர். பாதிப்பின் விபரம்: என்னுடைய மனைவி கமலாவதி போன பங்குனியில் மோசம் போய்விட்டா. அதற்குப் பிறகு விடிய எழும்ப எனக்கு ஒரு காரணம்தான் இருந்தது. அது இந்த மனுசனோடு சண்டை பிடிப்பது. அதைப் பன்னிரண்டு நாள் என்னிடம் இருந்து எடுத்துப்போட்டு, எனக்கு நூறு புள்ளி தந்தார்கள். பாதிப்பை ஏற்படுத்தியவர்…”

அந்த இடத்தில் தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தேன்.

“பாதிப்பை ஏற்படுத்தியவர்: சமநிலைத் திணைக்களம்.”

ஒருவரும் கைதட்டவில்லை. கமலாவதி அக்காவின் பெயர் வந்த இடத்தில் பெண்கள் சேலைத் தலைப்பை எடுத்திருந்தார்கள். கோபிசங்கர் காதிலிருந்த கருவியைக் கழற்றினார். “இது செல்லாது. திணைக்களம் ஓர் ஆள் அல்ல,” என்றார்.

“ஆள் இல்லையெண்டுதானே சேர் நாங்களும் சொல்லுறம்,” என்றார் கிறிஸ்ரோபர்.

முத்திரை என் மேசை லாச்சிக்குள் கிடந்தது. எடுத்தேன். வாயால் ஊதி, மைப்பெட்டியில் இரண்டு தரம் அழுத்தி, படிவத்தின் அடியில் குத்தினேன். மேசை அதிர்ந்தது. பிரசாந்தி யாரும் சொல்லாமலே கதிரையில் ஏறி, கூரைப் பெட்டியின் வயரைக் கழற்றத் தொடங்கினார். அது ‘மோத’ என்பதோடு நின்றது. ரப்லெற்றுகளை ஊரவர்கள் ஒவ்வொன்றாகத் துடைத்து வாகனத்தில் கொண்டுபோய் அடுக்கினார்கள். அவை பாதிப்பை ஏற்படுத்தியவருடைய உடைமைகள் அல்லவா?

கோபிசங்கர் மேடையிலேயே நின்றார். மை காயும்வரைக்குமாவது இருந்து ஒரு வார்த்தை கதைக்கலாமா என்று கேட்டார்.

“குத்தின கணத்திலையிருந்து சேர். படிவம் நீங்கள் வரைஞ்சது,” என்று சொல்லி, கேற்றை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.